அடியில்லாத உலோகம்

ஆறிய தகட்டைக் கிடுக்கியால் எடுத்து விளக்கடியில் பிடித்தாள்.

நடுவில் ஒரு குறையும் இல்லை. விளிம்பு மட்டும் பிஸ்கட் போல உதிர்ந்திருந்தது.

முன்பு இதே ஆய்வகத்தில் வேலை பார்த்த இருதயராஜின் தகட்டிலும் இதே விளிம்புதான் போயிருந்தது.

கோளாறு உலோகத்தில்தான் என்று அப்போது அவள் நம்பவில்லை. அந்த உலோகக் கலவை உலைச் சூட்டைத் தாங்கும் என்று அவளுடைய கணினி சொல்லியிருந்தது.

கணினி எங்கே சொன்னது? அவள் சொல்லச் சொன்னதை அது சொன்னது.

சூடு ஏறினால் உலோகம் தன்னிடமுள்ள குரோமியத்தைக் கொண்டு மேலே ஒரு தோல் போர்த்திக்கொள்ளும். தோல் உரிந்தால் உள்ளிருந்து இன்னும் கொஞ்சம் குரோமியம் வரும். மறுபடி தோல். அவள் கணக்கில் உள்ளே இருப்பது தீரவே தீராது. உலோகத்துக்கு அடியே இல்லை என்று வைத்துக்கொண்டால் சமன்பாடு சுலபமாக முடிந்துவிடும். எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

விளிம்பு மெலிசு. அங்கே இருந்த குரோமியமே கொஞ்சம்தான்.

இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை படித்தவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அன்று கூட்டத்தில் எவ்வளவு அலட்சியமாகச் சொன்னாள். தகட்டை வெறும் கையால் தொட்டிருப்பான், வியர்வையின் உப்பு பட்டால் உலையில் அரிக்காமல் என்ன செய்யும் என்று. நாலு பேர் சிரித்தார்கள்.

இருதயராஜ் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடையது ஒப்பந்த வேலை. அதை நீட்டிக்கவில்லை. அவனுக்காக அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

இப்போது ஏதோ பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறானாம்.

இந்தத் தகட்டை அவளே தேய்த்து, அவளே கழுவி, அவளே உலையில் வைத்தாள். ஒரு தடவைகூடக் கையுறையைக் கழற்றவில்லை.

போன் கையுறைக்கு மசியவில்லை. வலது கையில் இருந்ததை மட்டும் உருவிப் போட்டுவிட்டு அவன் எண்ணை அழுத்தினாள்.

எடுத்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். அவன் குரலைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. தகட்டைப் பற்றிச் சொன்னாள். நானேதான் வைத்தேன், விளிம்பு போய்விட்டது என்றாள். தப்பு அவன் கையில் இல்லை, தன் கணக்கில்தான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

அவன் அவளைத் தேற்றுகிறவன் போலச் சொன்னான்.

"விடுங்க மேடம். நமக்கே தெரியாம எங்கயாச்சும் கை பட்டிருக்கும். அன்னைக்கு எனக்கும் அப்படித்தானே ஆச்சு."

அவளுடைய இடது கையில் கையுறை இன்னும் அப்படியே இருந்தது.