மூலையில் ஒரு புள்ளி

“மிண்டாதே பேச்சி! நீ வாயைத் திறந்தாலே தூசி உள்ளே போயிடும்!”

குளியலறையில் சட்டையில்லாமல் நின்றுகொண்டு அதட்டினான் ரமேஷ்பாபு. கையில் புது டிஜிட்டல் கேமரா. லென்ஸைக் கழற்றிய வாய் தரையைப் பார்த்திருந்தது. அவன் மனைவி பேச்சியம்மாள் ஒரு கையில் டார்ச் லைட்டைப் பிடித்தபடி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

“அடுப்புல கப்பைக்கிழங்கு வேகுதுங்க. எவ்வளவு நேரம் இப்படியே நிக்கிறது?”

“வேகட்டும். நாளைக்குப் பள்ளுருத்தியிலே கல்யாணம். ஒவ்வொரு போட்டோவிலயும் புள்ளி விழுந்தா பொண்ணோட அச்சன் என்னைச் சும்மா விடுவாரா?”

பதினெட்டு வருடமாக மட்டாஞ்சேரியில் பிலிமைச் சுருட்டியே பிழைத்த ரமேஷ்பாபு, பழைய கேமரா இரண்டையும் கொடுத்துவிட்டுத்தான் இதை வாங்கியிருந்தான். கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. டிஜிட்டலில் அவனுக்கு இது முதல் கல்யாணம். இது சொதப்பினால் அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேர்ந்தது அந்தப் புள்ளி. புதன்கிழமையிலிருந்து எந்தப் படத்தைத் திரை முழுக்கத் திறந்தாலும், வலது மேல் மூலையில் கடுகளவு கறுப்பு. வானத்தை எடுத்தாலும் இருந்தது, வள்ளத்தை எடுத்தாலும் இருந்தது.

போர்ட் கொச்சி இன்டர்நெட் கடையில் போய்த் தேடினான். ‘எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி விழுந்தால் சென்சாரில் தூசி’ என்று போட்டிருந்தது. பிலிம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும் தபால்தலை அளவுச் சில்லுதான் சென்சார். அதைத் துடைக்கும் முறையை ஒரு பேப்பரில் மலையாளத்தில் எழுதிக்கொண்டு வந்தான். தமிழ் அவனுக்குப் பேசத்தான் வரும்.

“புதன்கிழமைதானே ராஜன் சேட்டன் வந்தாரு?” என்றாள் பேச்சி.

“அவனேதான். கொச்சங்காடியிலே ஸ்டூடியோ வெச்சிருக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை? லென்ஸைக் கழட்டிப் பாத்தான். அப்பவே தூசி புகுந்திருக்கும்.”

“தூசி இல்லங்க, கண்ணு. கம்ப்யூட்டர்ல படத்தைப் பாத்துட்டு வாயைப் பொளந்தாரு பாருங்க! எலுமிச்சம்பழத்தைச் சுத்திப் போடலாம்னு வந்தேன். ‘கேமரா பக்கம் வந்தா கையை ஒடிச்சிடுவேன்’னீங்க.”

“தொடங்கிட்டா! சங்கரன்கோவில்லேருந்து இந்த மூடநம்பிக்கையை மட்டும் மறக்காம கட்டிக்கிட்டு வந்திருக்கே. இது சயின்ஸ்டீ, சயின்ஸ்!”

சயின்ஸ்படியே எல்லாம் நடந்தது. தூசி அடங்குவதற்காகக் குளியலறையில் வெந்நீர் ஆவி விட்டிருந்தான். நூல் உதிராமலிருக்கச் சட்டையைக் கழற்றியிருந்தான். கேமராவைக் குப்புறப் பிடித்து, மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ரப்பர் பந்தால் ஏழு தடவை காற்றடித்தான். எட்டாவது தடவை அடிக்கவில்லை. பேப்பரில் ஏழு என்றுதான் இருந்தது.

வெளியே வந்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். புள்ளி அப்படியே இருந்தது.

“கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற குட்டித் திரையில புள்ளியே தெரியலையேங்க?”

“அதிலே ஆனை நின்னாலே தெரியாது. புள்ளியா தெரியப் போகுது? வா, டார்ச்சைப் பிடி.”

இரண்டாம் முறை மெல்லிய தூரிகையால் தட்டினான். சுவரைப் படமெடுத்தான். புள்ளி இருந்தது. மூன்றாம் முறை காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்தான். ‘அதற்கும் போகாவிட்டால் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போகவும்’ என்பது பேப்பரின் கடைசி வரி. கோபத்தில் இருப்பவன் கடைசி வரியையா படிப்பான்? பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தான். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

மறுபடி வெள்ளைச் சுவர், மறுபடி கம்ப்யூட்டர். வலது மூலையில் புள்ளி. அதோடு, படத்தின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீளக் கீறல்.

ரமேஷ்பாபு நாற்காலியில் சாய்ந்தான். நாளைக் காலை பத்தரைக்கு முகூர்த்தம். எடுத்துக்கொண்டு ஓட வீட்டில் பழைய கேமராகூட இல்லை. கேமரா கேட்டு ராஜனிடமே போய் நிற்கவேண்டும் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீ சொன்னதுதான் சரி பேச்சி” என்றான். “தூசியும் இல்லை, சயின்ஸும் இல்லை. அவன் கண்ணேதான்.”

இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்ததுபோல் பேச்சி உள்ளே போய்க் கண்மை டப்பாவோடு வந்தாள்.

“அவரு பொல்லாக் கண்ணு படக் கூடாதுன்னுதானே, அன்னைக்கு அவரு அந்தாண்ட போனதும் நானும் பண்ணிப் பாத்தேன். கேமராவைத்தான் தொடவிட மாட்டீங்க. அவரு மொறைச்சு மொறைச்சுப் பாத்தது இந்தப் பெட்டியைத்தானேன்னு இதுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வெச்சேன். மை காஞ்சு போச்சு போல, அதான் பலிக்கலை. இருங்க, பழசை அழிச்சிட்டுப் புதுசா வெக்கிறேன்.”

முந்தானை நுனியை எச்சிலில் தொட்டு, கம்ப்யூட்டர் திரையின் வலது மேல் மூலையை ஒரு துடை துடைத்தாள். புள்ளி போயே போய்விட்டது. கீறல் மட்டும் இருந்தது.