ஸ்தோத்திரத்தில் விழுந்த சீட்டு

சபை ஐயர் அவள் பெயரை வாசித்துவிட்டார்.

"மகள் எப்சிபாவின் பிரசவத்துக்காக, தாய் தங்கபுஷ்பம் அம்மாள், ஸ்தோத்திரம்."

கோயில் முழுக்க ஆமென் சொன்னது.

தங்கபுஷ்பத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எப்சிபாவுக்கு இது ஏழாம் மாதம்தான். பதினெட்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். அசையக்கூடாது. இன்னும் ஒரு மாதமாவது தாங்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

குழந்தை எங்கே பிறந்தது?

பிறகுதான் புரிந்தது. கோயில் வாசலில் இரண்டு பெட்டிகள் உண்டு. முன்பெல்லாம் இடப்பக்கம் வேண்டிக் கேட்கிற விண்ணப்பம், வலப்பக்கம் கிடைத்ததற்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரம். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக இடப்பக்கம் போயிருக்கிறது. வெள்ளையடித்தபோது யாரோ பெட்டிகளை இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். சபையில் எல்லாருக்கும் தெரியும். ஒன்றரை வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவளுக்கு எப்படித் தெரியும்?

சீட்டில் யாரும் கதை எழுதுவதில்லை. பெயர், காரியம், அவ்வளவுதான். எந்தப் பெட்டியில் கிடந்ததோ அதை வைத்து ஐயர் வாசிப்பார். இவர் ஊருக்குப் புதிது வேறு.

பெயர் வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும். அவர்களுக்காகச் சபை ஒரு சரணம் பாடும். அதுதான் வழக்கம்.

அவள் எழவில்லை.

எழுந்தால் பொய். எழாவிட்டால், இந்தத் தடவையும் போய்விட்டது என்று நினைப்பார்கள்.

முந்தின இரண்டு தடவையும் சீட்டு எழுதிப் போட்டவள் அவள்தான். உபவாசம் இருந்தாள். முழங்காலில் நின்றாள். முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் போயிற்று. ஆண்டவருடைய சித்தம் என்றாள். அடுத்தது ஆறாம் மாதம். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அன்றோடு ஆண்டவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

இன்றைக்கும் நம்பி வரவில்லை. ஒரே ஒரு தடவை போய்விட்டு வா என்று மகள் போனில் அழுததால் வந்தாள்.

ஏன் ஆண்டவரே, விளையாட உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ஒன்றரை வருஷத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

பக்கத்து வீட்டு ரத்தினபாய் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டாள். "என்ன புள்ள மதினி? எங்கிட்டகூடச் சொல்லலியே!"

வாய் திறப்பதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பிழைத்தாள்.

எல்லாரும் அவளைப் பார்த்துப் பாடினார்கள். இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனவர்கள். ரத்தினபாய் பாடவேயில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இத்தனை பேரா இந்தக் குழந்தைக்காகக் காத்திருந்தார்கள்?

அவளோ இந்தத் தடவை பிள்ளை என்ற பேச்சையே எடுக்கவில்லை. மகளும்தான். மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். ஆசை வைக்காவிட்டால் அழவும் வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு.

மூன்றாம் வரியில் அவள் உதடும் அசைந்தது.

பிறந்துவிட்டது போலவே இருந்தது. சந்தோஷம் வந்தது. கேட்காமல், சொல்லாமல் வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஊர் பார்க்க, வெட்கமில்லாமல் சிரித்தாள்.

பயம் போகவில்லை. அதுவும் கூடவே நின்றது. அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் நேரே ஐயரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். சின்ன வயதுக்காரர். முகம் வெளிறிவிட்டது.

"மன்னிச்சிருங்கம்மா. சாயங்கால ஆராதனையில திருத்தி, விண்ணப்பம்னு வாசிச்சிருதேன்."

அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். தலையாட்டினால் போதும்.

"வேண்டாம் ஐயரே. வாசிச்சது வாசிச்சதாவே இருக்கட்டும்."

இரண்டடி நடந்தவள் திரும்பி வந்தாள்.

"ரத்தினபாய்ட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிக்கிடுதேன். யாரும் கேட்டா நீங்களும் உள்ளதைச் சொல்லுங்க. ஆனா சீட்டை அந்தப் பெட்டியிலேருந்து எடுக்காண்டாம்."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று மகளுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"போனியாம்மா? விண்ணப்பம் வச்சியா?"

"ஸ்தோத்திரம் வச்சேன்."

"எதுக்கு?"

"உம்புள்ளைக்கு."

மறுமுனையில் தள்ளுவண்டி ஒன்று உருண்டு போகும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்தாள்.

பிறகு மகள் சொன்னாள்.

"அம்மா, நாளைக்கு வரும்போது உன் பழைய நூல் சேலை ரெண்டு கொண்டா. நல்லா மெத்துனு இருக்கதாப் பாத்து. படுத்தபடியே புள்ளைத்துணியா கிழிச்சு மடிச்சு வைக்கேன்."