இடக்கைப் பக்கம் ஏரி

"இண்டைக்கு இந்தப் பக்கத்தாலை போவம்" என்று ஏரிக்கரையில் வலப்புறம் திரும்பினாள் யோகமலர்.

கணவர் தயாபரன் திகைத்தார். ஸ்டோவ்னரில் உள்ள வீட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து நடக்கிறார்கள். கோயிலைச் சுற்றுவதுபோல ஏரியை வலக்கைப் பக்கம் வைத்தே சுற்ற வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவள் அவள்தான்.

"ஏனப்பா, உமக்குக் கால் நோகுதே?"

"இல்லை."

"பிறகென்ன? வலம் வாறது உம்மடை நேர்த்திக்கடனெல்லோ?"

அவள் முன்னால் நடந்தாள். எதிரே ஓடிவந்த நோர்வேப் பெண் "ஹாய்" என்றபோது மட்டும் சிரித்தாள்.

குளிக்கும் பாறையடியில் நின்றாள். போன கோடையில் மகன் லதீசன் தண்ணீருக்குள் பாய்ந்த பாறை. நாயும் படகும் தேடி ஓய்ந்த பிறகும், "உடம்பு கிடைக்கேல்லைத்தானே, என்ரை பிள்ளை வருவான்" என்று ஒரு சடங்கும் செய்ய விடாதவள், இப்போது பையிலிருந்து சிறிய மண்குடம் ஒன்றை எடுத்தாள். ஏரித் தண்ணீரை மொண்டு அவருடைய இடது தோளில் வைத்தாள்.

சிதையைத்தான் இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவார்கள் என்பது தயாபரனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தகப்பன்தானே கொள்ளிக்குடம் தூக்கோணும்" என்றாள். "மூண்டு சுத்து. இருட்ட முதல் முடிக்கோணும், நடவுங்கோ."