ஒற்றைக்கொம்பு ஆடு கட்டிய வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் வந்து கேட்டைத் தட்டியபோது, முனிரத்தினம் மாடி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அவர் படிப்பு பஸ் போர்டோடு முடிந்துவிடும். அதனால் டீக்கடை சுவிசேஷமுத்துதான் படித்துச் சொன்னார். ஏதோ வாசகர் வட்டமாம். சாம்பசிவன் என்கிற எழுத்தாளர் அறுபது வருஷத்துக்கு முன்னால் தாம்பரம் கடப்பேரியில் குடியிருந்து நாவல் எழுதினாராம். அந்த வீட்டைத் தேடுகிறார்களாம். கிடைத்தால் வாசலில் போர்டு வைப்பார்களாம்.

"உஷாரா இரு அண்ணாத்த," என்றார் சுவிசேஷமுத்து. "நினைவு இல்லம்னு போர்டு மாட்டிட்டான்னா, அப்பால உன் செவுத்துல நீ ஆணி அடிக்கவும் கெவுருமெண்டுக்கு மனு குடுக்கணும். ஒருநாளு வூடே உன்னுது இல்லன்டுவான்."

முனிரத்தினத்துக்கு அது புதிய சங்கதியாகப் படவில்லை. பேப்பரும் பேனாவுமாக அந்தக் கேட்டுக்கு வந்தவன் எவனும் எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. முன்வாசலில் நாலடி ரோட்டுக்குப் போனதும் அப்படித்தான். அப்பா கட்டிய வீட்டில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும்.

கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்றார்.

"வணக்கம் ஐயா. நான் ஸ்ரீவித்யா, சேலையூர்ல டீச்சரா இருக்கேன்," என்றாள் முன்னால் நின்றவள். அவள் கையில் அட்டை பிய்ந்து, நூல் போட்டுத் தைத்த ஒரு பழைய புத்தகம். "எழுத்தாளர் சாம்பசிவன் இந்த வீட்டு மாடியிலயா குடியிருந்தாரு?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் வாயைத் திறந்ததும் வார்த்தைகள் தாமாகக் கிளம்பி வந்தன.

"அப்டி யாரும் இங்க இல்ல. அவரு வண்டலூரு பூட்டாரு. ரயில் ரோட்டு ஓரமாவே போ. சோடாக் கடை வரும். அதுக்குப் பின்னால ஓட்டு வூடு. வாசல்ல ஒத்தக்கொம்பு ஆடு கட்டியிருக்கும்."

கண் இமைக்காமல் சொல்லி முடித்தார். அப்புறம்தான் அவருக்கே உறைத்தது. இல்லாத ஆள் எப்படி வண்டலூருக்குப் போவான்? எந்தக் காலத்து ஆடு?

ஸ்ரீவித்யாவின் கணவர் கார்த்தி சிரித்துவிட்டார். புத்தகம் பக்கமே போகாதவர். கார் ஓட்டுவதற்காக வந்தவர்.

"வண்டலூர்ல ஒத்தக்கொம்புன்னா அது ஜூவுல இருக்கிற காண்டாமிருகம் சார். டிக்கெட் வாங்கித்தான் பாக்கணும்."

வேறு யாரும் சிரிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் முனிரத்தினத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேன்ட் சட்டை போட்ட ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முனிரத்தினம் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொன்னால் திட்டுவார்கள், இல்லாவிட்டால் நம்பிக்கொண்டு போய்த் தொலைவார்கள். இப்படி உற்சவர் வந்து நின்ற மாதிரியா பார்ப்பார்கள்?

"இன்னாம்மா, பேஜாராப் போச்சு. அதான் இல்லன்னு சொல்லிட்டேனே?"

"இதுவரைக்கும் நாலு வீடு பாத்துட்டோம் ஐயா. நாலு பேரும் எங்க வீடுதான்னு சொல்லி காபி குடுத்தாங்க. நீங்க ஒருத்தர்தான் இல்லைன்னு சொன்னீங்க."

அவள் புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து, சாம்பசிவன் எழுதிய முன்னுரையை வாசித்தாள்.

'மாடியில் நான் எழுதிக்கொண்டிருப்பேன். பட்டணத்திலிருந்து சிநேகிதர்கள் அரட்டையடிக்க வந்துவிடுவார்கள். அவர்களைத் துரத்துவதற்கென்றே வீட்டுக்காரரின் பத்து வயது மகனைத் தயார் செய்து வாசலில் நிறுத்தியிருந்தேன். அவன் கண் இமைக்காமல் சொல்வான்: அப்டி யாரும் இங்க இல்ல. அவரு வண்டலூரு பூட்டாரு...'

சோடாக் கடை வந்தது. ஓட்டு வீடு வந்தது. ஆடும் வந்தது, அதே ஒற்றைக் கொம்போடு.

முனிரத்தினம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாடிக்காரன் பொழுதெல்லாம் உட்கார்ந்து எழுதினது இதைத்தானா? பேனாக்காரன் தன் வாயில் இருந்ததைக்கூட விட்டுவைக்கவில்லை.

'வெயிலில் நாலு மைல் நடந்து போய் அந்த ஆட்டைத் தேடியவர்களும் உண்டு. பொய் ஒன்றுக்கு இரண்டு கமர்கட்டு வீதம் அவனுக்குக் கொடுத்துவந்தேன்.'

"ரெண்டா?"

முனிரத்தினம் கேட்டை உலுக்கிய உலுக்கலில் தாழ்ப்பாள் ஆடியது.

"யார்கிட்ட கதை உட்றாரு? ஒண்ணுதான் குடுப்பாரு! அதுவும் ஒருநாளு பாதி கடிச்சதக் குடுத்தாரு!"

தண்டவாளத்தில் செங்கல்பட்டு வண்டி ஒன்று தடதடத்துப் போனது.

ஸ்ரீவித்யா புத்தகத்தை மூடினாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். கார்த்தி எல்லார் முகத்தையும் பார்த்தார். ஒன்றும் விளங்காமல், அவரும் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்.

முனிரத்தினம் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்தார்.

"போர்டு மாட்றதுன்னா மாட்டிக்க. ஆனா கமர்கட்டு ஒண்ணுன்னு எழுதணும்."

முதல் ஆள் உள்ளே கால் வைத்ததும் கையை நீட்டி மறித்தார்.

"ஆணி நான்தான் அடிப்பேன்."