சீட்டில் ஒரு பெயர்

விற்கப்போகிற ஆடுகளுக்கு மாராத்தாள் பெயர் வைப்பதில்லை. வைத்துவிட்டால் கயிற்றைக் கைமாற்ற மனம் வராது. கழிச்சல் கண்டு துவண்டுபோன கிடாக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா எடை, வயது, மருந்தின் அளவு, கொடுக்கும் வேளை என்று எல்லாவற்றையும் சீட்டில் அச்சுப்போல எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

“இதோட பேரு?”

“ஆட்டுக்கு எதுக்குங்க பேரு? ஆடி வந்தா குடுத்துப்போடறதுதானுங்களே.”

“பேர் இல்லாம என் சீட்டு முழுசாகாதும்மா. ஒண்ணு சொல்லுங்க.”

குட்டியின் மூச்சு அவள் கழுத்தில் சுட்டது. “ராசுன்னு எழுதிக்குங்க,” என்றாள், வேறெங்கோ பார்த்தபடி.

அன்றிலிருந்து மருந்து புகட்டும்போதெல்லாம் அந்தப் பெயர் தானாக வாயில் வந்தது. கழிச்சல் நின்று, குட்டி துள்ளத் தொடங்கிய பிறகும் வந்தது. ஆடி பிறந்ததும் வியாபாரி வண்டியோடு வந்து வாசலில் நின்றார்.

“ராசுவுக்கு இன்னும் மருந்து முடியலீங்க,” என்றாள் மாராத்தாள். புட்டி காலியாகி வெகுநாளாகியிருந்தது.

“ராசு யாருங்கம்மா?” என்று கேட்டார் வியாபாரி.

வேலியோரம் தழை தின்றுகொண்டிருந்த கிடா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.