கடைசியாக விடவேண்டிய மீன்

"கல்லையெல்லாம் மாத்தி வச்சியா?"

"மாத்திக்கிட்டே இருக்கேன்பா."

"ஒண்ணு ரெண்டை நகர்த்திட்டு முடிஞ்சதுன்னு சொல்லாதே. எது தன்னோட இடம்னே அவனுக்குத் தெரியக் கூடாது. அந்தக் குகைக்கல்லு?"

"அந்த மூலையிலேர்ந்து இந்த மூலைக்கு வந்தாச்சு."

போனுக்குள் கனமாக ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?"

"கல்லுதாம்பா. வச்சிடறேன்."

அக்கா வீட்டு வராந்தாவில், ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்குள் நகர்த்தும் கல் இப்படியா சத்தம் போடும்?

எல்லாம் நீலனால் வந்தது. நீலன் அவருடைய உப்புநீர்த் தொட்டியில் வளரும் டாம்சல் மீன். இருப்பது கட்டைவிரல் நீளம். நினைப்பு மட்டும் சுறா என்று. அவன் குகைப் பக்கம் போன எந்த மீனும் முழு வாலோடு திரும்பியதில்லை. இரண்டு முறை கோமாளி மீன்கள் வாங்கி உள்ளே விட்டார். இரண்டு முறையும் கடித்துக் குதறிவிட்டான். மூன்றாவது ஜோடிக்கும் அதே கதி என்றால் நீலனைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவதாக மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். ஆறு வருடம் வளர்த்தவர் ஆடிப்போனார்.

வழி ஒன்று இருந்தது. நீலனைப் பிடித்துச் சின்னத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். பெரிய தொட்டியின் கற்களைக் கலைத்து அடுக்க வேண்டும். புது மீன்களை விட்டு, அவை ஒரு வாரம் நிலைகொண்ட பிறகு கடைசியாக நீலனை விட வேண்டும். மகளுக்கு அதைப் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வலை எடுக்கிற நேரத்தில், முட்டி வலி தாங்கவில்லை, உடனே கிளம்பி வா என்று அக்காவிடமிருந்து போன்.

வந்து மூன்று நாளாகிறது. அக்கா மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சாப்பிட வாடா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"இப்பதானேக்கா சாப்பிட்டேன்? இது நாலாவது தடவை!"

"வயிறு நிறைஞ்சா கோபம் குறையுமாம். நீ சொன்னேன்னு உன் பொண்ணு சொன்னா."

"அது மீனுக்குச் சொன்னது!"

"சரி, ஆறிப்போகுது, வா." தட்டைத் தள்ளிய அக்கா, எதிரே உட்கார்ந்தாள். "அவ்வளவு சண்டைக்காரனை ஏன்டா கட்டிக்கிட்டு அழறே? யார் தலையிலயாவது கட்டிடு."

"நல்லா இருக்கே! தப்பு அவன் மேல இல்லைக்கா. அவன் குணம் அது. அந்த மாதிரி மீனைக் கடைசியாத்தான் உள்ளே விடணும். நான் முதல்ல விட்டுட்டேன். வீடு முழுக்கத் தன்னுதுன்னு நினைச்சுக்கிட்டான். வர்றவனெல்லாம் அவனுக்கு டிக்கெட் இல்லாத பயணி."

அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கியேடா" என்றவள், சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய்விட்டாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் நாள்தான் அக்கா அவரை விட்டாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, வழக்கம்போல் பார்க்காமலேயே குடையை ஆணியில் மாட்டினார். குடை தொப்பென்று கீழே விழுந்தது. ஆணி இல்லை. நிமிர்ந்து பார்த்தார். உடனே வெளியே வந்து கதவு எண்ணைச் சரிபார்த்தார். எண் சரிதான்.

டிவி இருந்த சுவரில் புத்தக அலமாரி நின்றது. அலமாரி இருந்த இடத்தில் சோபா. ஜன்னலோரத்தில், முப்பது வருடம் அடுத்தவர்களின் இருக்கையைச் சரிபார்த்தவர் தனக்கென்று பிடித்து வைத்திருந்த நாற்காலியைக் காணோம். யாரோ கனவில் வந்து வீட்டைக் குலுக்கிவிட்டுப் போனதுபோல் இருந்தது. மீன் தொட்டி மட்டும் பழைய இடத்தில் இருந்தது.

"வாங்கப்பா" என்று மகள் சமையலறையிலிருந்து வந்தாள்.

"என்னம்மா இது? என் நாற்காலி எங்கே?"

"முதல்ல தொட்டியைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். கோமாளி மீன்கள் இரண்டும் புதுக் கல்லின் இடுக்கில் ஆடிக்கொண்டிருந்தன. வால்கள் முழுசாக இருந்தன. நீலன் கண்ணாடி ஓரமாக இங்கும் அங்கும் போனான், கல்லைப் பார்த்தான், திரும்பி வந்தான். யாரையும் கடிக்கத் தோன்றவில்லை அவனுக்கு.

"முந்தாநாள் விட்டேன். முதல் நாள் பக்கத்துலயே இருந்து பார்த்தேன், ஒரு துரத்தல் கூட இல்லை. நீலன் இங்கேயேதான் இருப்பான்."

"பாவம், திகைச்சுப் போயிருக்கான்." அவர் கண்ணாடியை மெல்லத் தட்டினார். நிமிர்ந்ததும் நினைவு வந்தது. "அது சரி, வீட்டை ஏன் கலைச்சே? யாரைக் கேட்டே?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

"நான் தொட்டியைத்தானே..."

உள்ளறைக் கதவு திறந்தது. கல்யாணமான மூன்று வருடத்தில் இரண்டு முறை இந்த வீட்டுக்குக் குடிவந்து, இரண்டு முறையும் அந்த ஜன்னலோர நாற்காலித் தகராறில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய மாப்பிள்ளை, கையில் காபிக் கோப்பையோடு நின்றார்.

"அத்தைக்கு முட்டி வலியெல்லாம் இல்லைப்பா" என்றாள் மகள். "இவர் வந்து ஒரு வாரமாச்சு, கடைசியா உள்ளே வந்தது நீங்கதான். இந்தத் தடவையாவது அவரை உட்காரச் சொல்லுங்கப்பா."