செம்பைக் கண்டால்

வீல் என்று ஒரு கத்தல். படலுக்கு அந்தப் பக்கமிருந்து.

காளியாத்தாள் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நல்லம்மாள் கையில் தண்ணீர்ச் செம்பு. எதிரே செவலை நாய் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வாயில் எச்சில் ஒழுகியது.

"அடி ஆத்தே! தண்ணியக் கண்டு கத்துது! வெறியேதான்!"

"இல்லீங்க்கா. கொஞ்சம் பயம், அவ்வளவுதான்."

"தண்ணிக்கு எந்த நாய்டி பயப்படும்? மல்லசமுத்திரத்து ஆளு, நாய்க்கடிக்கு ஊசி போட்டுக்கக் குன்னூருக்குப் போறப்ப ரயில்லயே செத்துப் போயிட்டானே, அவனுக்கும் மொதல்ல தண்ணிதான் ஆகாமப் போச்சு. என்ற ஊட்டுல புள்ளைக இருக்குது நல்லம்மா. நான் மணியக்காரரக் கூட்டிட்டு வாரேன்."

போய்விட்டாள்.

நல்லம்மாள் செம்பைக் கொண்டுபோய் உள்ளே ஒளித்து வைத்தாள்.

இருபது நாளைக்கு முன்னால் வாய்க்கால் ஓரம் கிடந்த நாய் அது. முதுகெல்லாம் வெந்த புண். பின்னங்கால் ஒடிந்து தொங்கியது. நல்லம்மாள்தான் தூக்கி வந்தாள். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டாள். காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். ராகிக் கஞ்சியை உள்ளங்கையில் வைத்து ஊட்டினாள்.

இத்தனை நாளும் துணியைத் தண்ணீரில் நனைத்துத்தான் வாயில் பிழிந்தாள். மூன்று நாளாக வாலை ஆட்டுகிறதே, தேறிவிட்டது என்று நம்பி இன்றைக்குத்தான் செம்பை எடுத்தாள்.

ஊரே அவளை மகராசி என்றது. காளியாத்தாள்கூட அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு, "சுடுதண்ணி ஊத்துன கை புழுத்துத்தான் போகும்" என்று மண்ணை வாரித் தூற்றினவள்தான்.

மணியக்காரர் அப்புசாமி வந்துவிட்டார். அவர் கைத்தடியின் பூண் வாசற்கல்லில் டொக் என்று பட்டது. நாய் நல்லம்மாள் காலுக்குப் பின்னால் ஓடிச் சுருண்டது. சுருண்ட இடத்திலேயே மூத்திரம் போனது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றாள் காளியாத்தாள்.

"தலையாரி சுருக்குக் கயிறோட வர்றான். ஒதுங்கு அம்முணி" என்றார் மணியக்காரர்.

"வெறி இல்லீங்க மாமா! சுடுதண்ணி பட்ட நாயிங்க. செம்பத் தூக்குனா மறுபடியும் ஊத்தப் போறாங்கன்னு நெனைக்குது."

"செம்புல ஊத்துனாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நல்லம்மாள் குனிந்து நாயின் கால்கட்டைச் சரிசெய்தாள்.

காட்டிலிருந்து அப்போதுதான் வந்த அவள் புருஷன் நாச்சிமுத்து, தோளிலிருந்த மண்வெட்டியை இறக்காமலே கத்தினான்.

"உனக்குத் தெரிஞ்சிருக்குதா? ஆருன்னு சொல்லு புள்ள! சீவன் உள்ளதுக்கு இப்படிப் பண்ணுன நாயி ஆருன்னு சொல்லு. இழுத்துட்டு வாரேன்!"

"அதுதான் சரி" என்றார் மணியக்காரர். "ஊத்துனவங்க எம்முன்னால வந்து ஒத்துக்கட்டும். நாய உட்டுடறேன். இல்லாட்டி இது வெறிதான்."

தெருமுனையில் தலையாரி வருவது தெரிந்தது. தோளில் கயிறு.

நல்லம்மாள் நாயைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க."

நாச்சிமுத்து சிரித்தே விட்டான். "இவ ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டாளுங்க, மாமா. நாயக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றா."

"பொய் இல்லீங்க. களிக்கு ஒல வெச்சிருந்தேன். மோர்ச்சட்டியில வாய வெச்சிருச்சு. கோவத்துல ஒரு செம்பு மோந்து ஊத்திட்டேன். அந்தக் கத்தல் என்ற காத உட்டுப் போகலீங்க. மறுநா தேடிக்கிட்டுப் போனேன்."

மண்வெட்டி கீழே இறங்கியது. நாச்சிமுத்து அவளை யாரோ போலப் பார்த்தான்.

"உன்னையப் போயி மகராசின்னு சொன்னமே!" என்றாள் காளியாத்தாள்.

நல்லம்மாள் தன் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மணியக்காரர் தொண்டையைக் கனைத்தார். தலையாரியைப் பார்த்துத் திரும்பிப் போ என்று கையை ஆட்டினார். "சரி, சொன்னது சொன்னதுதான். நாய் இருக்கட்டும். ஆனா பொம்பளைக்கு இத்தன கல்நெஞ்சு ஆகாது. வாயில்லாத சீவன்."

"அப்ப அந்தக் காலயும் நீதான் ஒடிச்சியா?" காளியாத்தாள் விடவில்லை.

"இல்லீங்க்கா. இங்கிருந்து ஓடறப்ப நாலு காலும் நல்லாத்தான் இருந்துச்சு."

"எந்தப் பக்கமா ஓடுச்சு?"

"மணியக்காரர் தோட்டத்துப் பக்கமா."

மணியக்காரர் கிளம்பத் திரும்பினார். டொக்.

வீல் என்று கத்திக்கொண்டு செவலை கட்டுப்போட்ட காலை இழுத்து இழுத்து மூலைக்கு ஓடியது.

இப்போது யார் கையிலும் செம்பு இல்லை.

காளியாத்தாள் தடியைப் பார்த்தாள். நாச்சிமுத்துவும் பார்த்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"வெயிலேறுது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தடியை ஊன்றாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு மணியக்காரர் வேகமாக நடந்தார்.

நல்லம்மாள் மூலையில் போய் உட்கார்ந்து, துணியை நனைத்து நாயின் வாயில் பிழிந்தாள்.